கை ரவுட்டர் பிட்டும் சி.என்.சி. மேசையும்

(ஓசூரில் சிறுபட்டறை நடத்துகிறவர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடப்பக்கம் இரும்புக்காரர்கள், லேத், மில்லிங், வி.எம்.சி. ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் மரக்காரர்கள், ஆசாரிகளும் மாடுலர் கிச்சன் செய்கிறவர்களும். நடுவில் நடைபாதை. யாரும் சொல்லி இப்படி உட்காரவில்லை. நம் ஊரில் தொழிலும் இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. இன்று நான் பேச வந்த பொருள் அந்த நடைபாதையின் நடுவே கிடக்கிறது.

கை ரவுட்டருக்காகச் செய்த பிட்டை சி.என்.சி.யில் மாட்டலாமா? இதைக் கேட்டு அடிக்கடி யாராவது என் பட்டறைக்கு வருகிறார்கள். இரும்பு பழகியவர் கூடாது என்கிறார். மரம் பழகியவர், ‘அதுவும் சுத்துது, இதுவும் சுத்துது, மாட்டினா என்ன’ என்கிறார். மாட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த பிட் பழைய இடத்தில் தனியாக வேலை செய்யவில்லை, ஒரு மனிதனின் இரண்டு கைகளோடும் காதோடும் சேர்ந்து வேலை செய்தது. அந்தக் கை என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்து, அதையெல்லாம் புரோகிராமில் எழுதத் தெரிந்தவர் மாட்டலாம். தெரியாதவர் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்கட்டும்.

இந்தக் கேள்வி நம் ஊரில் இவ்வளவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஓசூர் இரும்பால் வளர்ந்த ஊர். 1971இல் தமிழக அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் பிறந்தது. அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்து சாலைக்கு வந்தது. அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் அதே காலம். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் இங்கேதான் கைக்கடிகாரம் செய்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் 1953 முதல் எந்திரக் கருவிகள் செய்யும் எச்.எம்.டி. இருந்தது. இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த நம் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் கைப்பழக்கம். நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவார்கள்.

மரவேலை இந்த அளவுக்குப் பெருகியது பிறகுதான். பெங்களூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக் சிட்டியையும் சர்ஜாபூரையும் சுற்றி அடுக்குமாடிகள் எழ எழ, அங்கே சமையலறையும் அலமாரியும் பூஜை அறைக் கதவும் தேவைப்பட்டன. ஆர்டர் அங்கே, வேலை இங்கே. முடிந்ததும் டெம்போவில் ஏறி எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகும். வேலை கூடியதும் மர சி.என்.சி. வாங்கினார்கள். வாங்கியவர் மரக்காரரானால் மேசை இழுப்பறையில் பத்து வருடம் சேர்த்த ரவுட்டர் பிட்டுகள் இருக்கும். இரும்புக்காரரானால் புரோகிராம் தெரியும், மரம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஸ்பிண்டிலுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அங்கே பிறக்கிறது இந்தக் கேள்வி.

ஒரு பழைய கதையைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். 1940களின் பிற்பகுதி. இறக்கையின் வளைவு சரியாக வர டெம்ப்ளேட் வேண்டும். அந்த டெம்ப்ளேட்டை வெட்ட வளைவின்மேல் உள்ள புள்ளிகள் வேண்டும். அந்தப் புள்ளிகளைத் துளை அட்டைக் கணிப்பான்களில் கணக்கிட்டு எடுத்தார். எண்ணே எந்திரத்தை நகர்த்தினால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. 1952இல் எம்.ஐ.டி.யில் எண்களால் இயங்கும் மில்லிங் எந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். நாம் பயன்படுத்தும் சி.என்.சி.யின் மூதாதை அது. இதைச் சொல்வதற்குக் காரணம், டெம்ப்ளேட்டைச் செய்யக் கிளம்பிய யோசனைதான் கடைசியில் டெம்ப்ளேட்டே வேண்டாம் என்றாக்கியது. நம் கை ரவுட்டர் பிட்டின் நுனியில் ஒரு குட்டி பேரிங் இருக்கிறதே, அது டெம்ப்ளேட்டைத் தடவிக்கொண்டு போவதற்காகவே பிறந்தது. டெம்ப்ளேட் இல்லாத மேசையில் அதற்கு என்ன வேலை?

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மர சி.என்.சி. வாங்கிய முதல் மாதங்களில், ஒரு மேசைப் பலகையின் விளிம்பை உருட்டுவதற்கு பேரிங் வைத்த ரவுண்ட் ஓவர் பிட்டை மாட்டினேன். கை ரவுட்டரில் வேலை செய்யும்போது பலகை மேசையின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பேரிங் காற்றில் தொங்கும். சி.என்.சி.யிலோ பலகை அடியில் விரித்த எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகைமேல் படுத்திருக்கிறது. பேரிங்கும் அதன் திருகும் அந்த எம்.டி.எஃப்.க்குள் இறங்கின. பேரிங் வெட்டாது, தேய்க்கும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தன.

எங்களிடம் அப்போது ஒரு மேஸ்திரி இருந்தார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் எல்லைப்புறத்து மனிதர். இரவல் உளியைத் தொடமாட்டார். பட்டறையின் அடுத்த கோடியில் இழைத்துக்கொண்டிருந்தவர், ‘தம்பி, நிறுத்துங்க’ என்று கத்திக்கொண்டே ஓடிவந்து எமர்ஜென்சி பட்டனை அடித்தார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புகை தெரிந்தது. பேரிங்கில் கிரீஸ் தீய்ந்து இறுகியிருந்தது, எம்.டி.எஃப்.பில் கறுப்புப் பள்ளம். அதோடு போகவில்லை. சாயங்காலம் தூசி உறிஞ்சியின் பையைக் கழற்றினால் உள்ளே தூள் கனன்றுகொண்டிருந்தது. ஒரு பொறி உள்ளே போயிருக்கிறது. இரவு பூட்டிவிட்டுப் போயிருந்தால் காலையில் பட்டறை இருந்திருக்காது. அன்று இரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் காதுக்குக் கேட்டது என் காதுக்கு ஏன் கேட்கவில்லை? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் பேரிங்கை முடித்துவிடுகிறேன். பேரிங் பிட்டை மாட்டியே ஆகவேண்டும் என்றால், பேரிங் போகும் பாதையில் முன்கூட்டியே வேறொரு பிட்டால் ஒரு கால்வாய் வெட்டிவிடுங்கள். அல்லது பலகையை உயர்த்திக் கட்டுங்கள். அடுத்தது கணக்கு. 12.7 மி.மீ. பேரிங், 6.35 மி.மீ. வளைவு உள்ள ஒரு ரவுண்ட் ஓவர் பிட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்த விட்டம் 25.4 மி.மீ. பிட்டின் விட்டம் கேட்கிற இடத்தில் பையன் 25.4 என்று போடுவான். பெட்டியில் அதுதானே அச்சடித்திருக்கிறது. எந்திரம் அந்த விட்டத்தின் பாதியளவு தள்ளியே சுற்றிவரும். பிட் பலகையைத் தொட்டும் தொடாமலும் போகும், ஒரு செதிலும் விழாது. போட வேண்டியது பேரிங்கின் விட்டம், 12.7. அதையும் பெட்டியைப் பார்த்துப் போடாதீர்கள், வெர்னியரில் அளந்து போடுங்கள். அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பேரிங் விளிம்பை அழுத்தி ஒரு கருகிய கோடு போடும். கையில் பிடித்திருந்தபோது, அழுத்தம் கூடினால் மணிக்கட்டு தானாக இளகிவிடும். எந்திரத்துக்கு மணிக்கட்டு இல்லை. கழற்றக்கூடிய பேரிங் என்றால் கழற்றிவிட்டே ஓட்டலாம்; நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது பிட் மரத்துக்குள் இறங்கும் விதம். உங்களிடம் உள்ள பிட்டுகளைத் திருப்பி நுனியைப் பாருங்கள். சிலவற்றில் கார்பைடு கூர் நடுப்புள்ளிவரை வந்து சேர்கிறது. சிலவற்றில் வருவதில்லை, நடுவில் வெறும் இரும்பு தெரியும். அந்த இரண்டாவது வகை நேர்செங்குத்தாக இறங்காது. நடுவில் வெட்டாத ஒரு குமிழ் நின்று, மரத்தைப் பிசைந்து சூடேற்றும். ஆசாரி கை ரவுட்டரை இறக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? லேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இறக்குவார். யாரும் கற்றுக்கொடுத்ததாக அவருக்கே நினைவிருக்காது. அந்த அசைவைத்தான் மென்பொருளில் ரேம்ப் என்கிறார்கள்: 50 மி.மீ. நகர்வதற்குள் 3 மி.மீ. இறங்கு என்பதுபோல. அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடாமல் விட்டதால் உடைந்த பிட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஃபீடுக்கு, அதாவது பிட்டை மரத்தில் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு, வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும், ஏனென்றால் இரும்புக்காரருக்கும் மரக்காரருக்கும் பொதுவான பேச்சு இதுதான்.

கை ரவுட்டரை நிமிடத்துக்கு 2, 3 மீட்டர் தள்ளுவோம். சுற்று 22,000, பிட்டுக்கு இரண்டு பல் என்று வையுங்கள். நிமிடத்தில் 44,000 வெட்டு. 3,000 மி.மீ. தூரத்தை 44,000ஆல் வகுத்தால், ஒரு பல் ஒரு தடவை எடுப்பது 0.07 மி.மீ. கூட இல்லை. கையால் அதற்கு மேல் தள்ளுவதும் பாதுகாப்பில்லை. அதனால்தான் கை ரவுட்டர் ஓடும் இடத்தில் மாவு பறக்கிறது.

சி.என்.சி.யில் எம்.டி.எஃப். வெட்டும்போது, 12 மி.மீ. பிட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் 0.2 மி.மீ. தாராளமாகக் கொடுக்கலாம். 18,000 சுற்று, இரண்டு பல், 0.2 மி.மீ. பெருக்கினால் நிமிடத்துக்கு 7,200 மி.மீ. கையின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இங்கேதான் புதியவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். மரம் கருகியதும், வேகம் கூடிப்போயிற்று என்று ஃபீடைக் குறைக்கிறார்கள். குறைக்கக் குறைக்க இன்னும் கருகும். பல்லுக்கு வெட்ட ஒன்றுமில்லாமல் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் சூடு போக வழியில்லை. நல்ல சீவல் விழுந்தால் அந்தச் சீவலே சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இடப்பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும். இரும்பில் சீவலின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிறவர்கள் நீங்கள். மரத்தில் நிறம் பார்க்க வேண்டாம். எந்திரம் நின்றபின் கீழே விழுந்ததை விரலால் நிமிண்டிப் பாருங்கள். செதில் செதிலாக இருந்தால் சரி. முகத்துக்குப் போடும் பவுடர்போல இருந்தால் ஃபீடைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். உங்கள் எந்திரம் சின்னது, நிமிடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் ஓடாது என்றால், சுற்றை 10,000க்கு இறக்குங்கள், பல்லுக்கு 0.15 மி.மீ. வந்துவிடும்.

ஆனால் கை பிட்டுக்கு இதில் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பியத் தரவிதியின்படி செய்த பிட்டுகளின் தண்டில் எம்.ஏ.என். அல்லது எம்.இ.சி. என்று பொறித்திருப்பார்கள். முன்னது கையால் தள்ளுவதற்கு, பின்னது எந்திரம் தள்ளுவதற்கு. கை வகையில் பல்லுக்கு முன்னால் உள்ள இடைவெளி குறுகலாக இருக்கும். பல்லுக்குப் பின்னால் உடம்பு பருத்திருக்கும். பிட் திடீரென்று மரத்தைக் கவ்விக் கையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பிட்டைச் செய்தவர் ஒரு மனிதனின் விரல்களை நினைத்துச் செய்திருக்கிறார். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. சி.என்.சி.யில் விரல் இல்லை, ஆனால் குறுகலான இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆழமாக இறக்கினால் சீவல் வெளியேற இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆழத்தைப் பிரித்து எடுங்கள். பிட்டின் விட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் இறக்காதீர்கள். எம்.ஏ.என். பொறித்த பிட்டுக்கு எந்திர ஓட்டத்தில் தயாரித்தவர் பொறுப்பேற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் மூடியைச் சாத்தாமல், கண்ணாடி போடாமல் ஓட்டவே கூடாது என்று என் பட்டறையில் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

பிட்டின் தண்டைப் பிடிக்கும் காலெட்டைப் பற்றிச் சுருக்கமாக. பழைய பிட்டுகளில் கால் அங்குலத் தண்டும் அரை அங்குலத் தண்டும் உண்டு: 6.35, 12.7 மி.மீ. புதியவற்றில் 6, 8, 12 மி.மீ. 6.35ஐயும் 6ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. கால் அங்குலத்துக்கென்று துல்லியமாகச் செய்த காலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டு முறுக்கினால் பிடித்ததுபோலத் தெரியும்; வெட்டும்போது மெல்ல நழுவி இறங்கும். பலகையில் 5 மி.மீ. கேட்ட இடத்தில் 8 மி.மீ. பள்ளம் இப்படித்தான் வருகிறது. ஈ.ஆர். 11 காலெட்டில் 7 மி.மீ.க்கு மேல் நுழையாது. ஈ.ஆர். 20இல் 13 மி.மீ. வரை போகும், அரை அங்குலம் அதன் எல்லையில் நிற்கிறது. காலெட்டை முதலில் நட்டில் சொடுக்கிப் பொருத்திவிட்டு, பிறகுதான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்கிற பட்டறைகள் நம் பக்கம் ஏராளம். பிட் கோணலாகச் சுற்றுவதற்கு எந்திரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய பிட்டுகள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூஜை அறைக் கதவில் நடுப்பலகையைச் சரித்து எடுக்க 80 மி.மீ. விட்டத்தில் பேனல் பிட் வைத்திருக்கிறீர்கள். சீன ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று சுற்றும். அந்தச் சுற்றில் 80 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு 100 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்; ஏழு நிமிடத்துக்குள் போய்ச் சேரும் வேகம். இந்த பிட்டுகளில் கார்பைடு துண்டை இரும்பு உடம்பில் பிரேஸிங் செய்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கை ரவுட்டரிலேயே இந்த அளவு பிட்டை மேசையில் கவிழ்த்துக் கட்டி 10,000, 12,000 சுற்றில்தான் ஓட்டச் சொல்கிறார்கள். சி.என்.சி.யிலும் அதுதான் எல்லை. சுற்றைக் குறைத்தால் ஸ்பிண்டிலின் வலுவும் குறையும்: 24,000இல் 2.2 கிலோவாட் தருவது 12,000இல் ஏறக்குறையப் பாதிதான் தரும். ஆகவே மெல்லிய படலங்களாக எடுங்கள். புரோகிராமில் முந்தைய வேலையின் சுற்று அப்படியே தங்கியிருக்கும். பச்சைப் பட்டனைத் தொடும்முன் அந்த ஒரு எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் பட்டறையில் படிக்கச் சொல்கிறேன், கூட நிற்பவர் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

எதை நான் தயங்காமல் மாட்டுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். வி பிட், உருண்டை மூக்கு பிட், நடுவரை கூர் வந்த நேர்ப்பல் பிட். எழுத்து செதுக்கவும் பூவேலைக்கும் இவை நன்றாகவே உழைக்கின்றன. நேர்ப்பல் பிட்டுக்கு ஒரு நற்குணமும் உண்டு. சி.என்.சி.க்கென்று விற்கும் மேல்நோக்கிய சுருள் பிட் சீவலோடு பலகையையும் தூக்கப் பார்க்கும். நேர்ப்பல் தூக்காது, அழுத்தாது. வேக்கம் மேசை இல்லாமல் திருகாலும் இரட்டைப் பக்க டேப்பாலும் பலகையைப் பிடிக்கிற சிறு பட்டறைக்கு அது பெரிய உதவி. ஆனால் நாள் முழுக்கப் பிளைவுட் அறுக்கிற வேலைக்கு அதை வைத்து மாரடிக்காதீர்கள். அங்கே இரண்டு முகமும் பிசிறில்லாமல் வர கம்ப்ரஷன் பிட்தான் வேண்டும். விலை பல மடங்கு. லாமினேட் பெயர்ந்த ஒரு பலகையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாவித்துளை பிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் மாட்டும் பலகையின் பின்னால், உள்ளே அகன்றும் வெளியே குறுகியும் பள்ளம் எடுப்பது. இறங்கி, ஓடி, வந்த வழியே திரும்பி, இறங்கிய துளையிலேயே ஏற வேண்டும். மென்பொருள் வழக்கமாக பாதை முடிந்த இடத்திலேயே மேலே தூக்கும். தூக்கினால் பலகை பிளந்து கையோடு வரும். கை ரவுட்டர்காரர் இதை யோசிக்கவே மாட்டார். திரும்பாமல் அவர் கையை எடுக்க முடியாது என்பதே அவருக்குக் காவல்.

அந்த மேஸ்திரி இப்போது இல்லை. கடைசி ஆண்டுகளில் அவரை சி.என்.சி. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தேன். கண் மங்கிவிட்டது, திரை தெரியாது. சத்தம் கேட்டுச் சொல்வார். ‘இழுக்குது’ என்றால் சுற்று போதவில்லை. ‘கீச்சுங்குது’ என்றால் தேய்க்கிறது, ஃபீடைக் கூட்டு. ‘தடதடங்குது’ என்றால் பிட் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பலகை இளகிவிட்டது. ஐ.டி.ஐ. முடித்து வந்த ஒரு பையன் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, எதிரே அந்த நேரத்துச் சுற்றையும் ஃபீடையும் குறித்துவைத்தான். எங்கள் பட்டறையில் இருக்கும் அட்டவணை அதுதான். எந்தக் கம்பெனிக் கையேட்டையும்விட அது எங்கள் எந்திரத்துக்கு, நாங்கள் வாங்கும் மரத்துக்குப் பொருந்துகிறது. கிருஷ்ணகிரித் தோப்புகளில் வயதாகி வெட்டிய மாமரப் பலகையும் அதில் உண்டு. அதற்கு எந்தக் கையேட்டில் எண் கிடைக்கும்?

தூசியை விட்டுவிட்டுப் போக முடியாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. கை பிட் மாவாக அரைக்கும்போது பறப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். துண்டை மூக்கில் கட்டினால் போதாது.

இந்த மேசையில் இருபது பிட்டுகள் வைத்திருக்கிறேன். பாதி கைக்கு, பாதி எந்திரத்துக்கு; கலந்துதான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வெர்னியரும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து ஒருவர், வலப்பக்கத்திலிருந்து ஒருவர், இருவர் இருவராக வாருங்கள். தண்டில் என்ன பொறித்திருக்கிறது, கூர் நடுவரை வருகிறதா, பேரிங் என்ன அளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பிரித்து வையுங்கள். கூரில் விரல் வைக்க வேண்டாம். அதில் மூன்று பிட்டுகள் இன்று காலைதான் சாணை பிடித்தவை.